ஹைபர்னேட்டிலிருந்து எழுந்ததும் லேப்டாப் ஏன் இழுக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10 போட்ட லேப்டாப், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கணக்கு வேலை என்பதால் டேலி, நாலைந்து எக்செல் ஷீட், குரோமில் இருபது டேப் என்று எல்லாம் திறந்தே கிடக்கும். அதையெல்லாம் தினமும் மூடித் திறக்க முடியாமல் இரவில் ஹைபர்னேட் செய்துவிடுகிறீர்கள்; அதாவது திறந்திருப்பதெல்லாம் டிஸ்க்கில் பதிவாகி மெஷின் அணைகிறது, காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. காலையில் திரை வந்துவிடுகிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு எதைத் தொட்டாலும் நகர்வதில்லை. சில நாட்களில் நாள் முழுக்கவே மந்தம். அந்த நாட்களில் ஷட் டவுன் செய்து மறுபடி போட்டாலும் அப்படியே இருக்கிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் தெளிகிறது. ரேம் கூட்ட வேண்டுமா, ஃபார்மட் அடிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரே கோளாறு என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் இரண்டு. பத்து நிமிடத்தில் தானாகத் தெளிகிற மந்தம் ஒன்று. அது ஹார்ட் டிஸ்க் சம்பந்தப்பட்டது. நாள் முழுக்க விடாத மந்தம் இன்னொன்று. அது அநேகமாக ப்ராசசரின் வேகம் கீழேயே மாட்டிக்கொள்வது, இல்லையென்றால் ஏதோ ஒரு டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) சரியாக விழிக்காமல் இருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மருந்து வேறு வேறு. இவற்றைக் குழப்பிக்கொண்டு தேவையே இல்லாமல் ரேம் வாங்கிப் போட்டவர்களைச் சர்வீஸ் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். காசும் போய், மந்தமும் போகாமல் அவர்கள் திரும்பி வரும்போது மனசு கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு மிகவும் உதவியது: ஷட் டவுன் செய்தாலும் போகவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் போகிறது. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடி, உங்களை லாக் ஆஃப் செய்துவிட்டு, விண்டோஸின் உள்மையத்தையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் மெஷின் அணையும். அடுத்த முறை போடும்போது அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதாவது அதுவும் ஒரு அரை ஹைபர்னேட். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து ஏறும்.

இதை நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், அதற்குள் சிபியு. கீழே அப் டைம் என்று நாள், மணி, நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நேற்று இரவு ஷட் டவுன் செய்த மெஷினில் அது 19 நாள் என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸைப் பொறுத்தவரை அது 19 நாளாக ஓய்வே எடுக்கவில்லை.

உங்கள் மாதிரி ஆளுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கத்தில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பைத் தொடுங்கள். அங்கே மேலே இருக்கும் வரியைச் சொடுக்கினால்தான் கீழே மங்கலாக இருக்கும் பெட்டிகள் திறக்கும். டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதிலிருந்து டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஹைபர்னேட் வசதி அப்படியே இருக்கும், அதைத் தொட வேண்டாம். எப்போதாவது ஒரு முறை மட்டும் முழு ஷட் டவுன் வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினாலே போதும்.

சரி, இப்போது காலை நேரத்துப் பத்து நிமிடம்.

ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதில் எதெல்லாம் இல்லாமல் முடியாதோ, அதைச் சுருக்கி, சி டிரைவில் மறைந்திருக்கும் ஒரு பெரிய கோப்பில் விண்டோஸ் எழுதுகிறது. விண்டோஸ் 10-ல் அந்தக் கோப்பின் அளவு வழக்கமாக ரேமில் 40 சதவீதம். உங்கள் 8 ஜிபிக்குச் சுமார் 3.2 ஜிபி. எழுதி முடித்ததும் மின்சாரம் முழுதாக நிற்கிறது. காலையில் பட்டனை அழுத்தியதும் அந்தக் கோப்பை ஒரே மூச்சில் வரிசையாகப் படித்து ரேமில் நிரப்புகிறது. வரிசையாகப் படிப்பது ஹார்ட் டிஸ்க்குக்குச் சுலபமான வேலை. நொடிக்கு 80, 100 எம்பி வரும். அரை நிமிடத்தில் திரை வந்துவிடும். "எல்லாம் திறந்திருக்கிறதே, பின் ஏன் நகரவில்லை?" என்ற உங்கள் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஏனென்றால் இல்லாமலும் முடியும் என்று விடப்பட்டவை நிறைய இருக்கின்றன. பகலெல்லாம் நீங்கள் வேலை செய்தபோது அடிக்கடி தேவைப்படும் கோப்புகளின் பிரதிகளை விண்டோஸ் ரேமிலேயே வைத்திருக்கும். டேலியின் டேட்டா, எக்செலின் துணைக் கோப்புகள், எழுத்துருக்கள், குரோமின் தற்காலிகச் சேமிப்பு எல்லாம் அதில் உண்டு. அவற்றின் அசல் டிஸ்க்கிலேயே இருப்பதால் பெரும்பாலானவற்றை ஹைபர்னேட் கோப்பில் எழுதாமல் கைவிட்டுவிடும். குரோமின் பழைய டேப்களில் பாதி ரேமில் இடம் போதாததை விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கும் பேஜிங் கோப்புக்கு ஏற்கெனவே போயிருக்கும். காலையில் நீங்கள் எக்செலைத் தொட்டதும் அவற்றையெல்லாம் ஒவ்வொரு துண்டாக டிஸ்க்கின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பொறுக்க வேண்டும்.

இந்தப் பொறுக்குகிற வேலையில்தான் ஹார்ட் டிஸ்க் படுத்துவிடும். லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க்தான் இருக்கும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லிசெகண்ட். அதற்கு முன் தலை அந்த வளையத்துக்கு நகர இன்னும் 10, 12. ஆக ஒரு துண்டை எடுக்கச் சுமார் 17 மில்லிசெகண்ட்; நொடிக்கு அறுபது துண்டு. துண்டு ஒன்று 4 கேபி. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 240 கேபி. வரிசையாகப் படிக்கும்போது 100 எம்பி கொடுத்த அதே டிஸ்க் இது. 200 எம்பியை இப்படித் துண்டு துண்டாக எடுத்தால் 51,200 துண்டு, 14 நிமிடம். விண்டோஸ் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அள்ளும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனாலும் உங்கள் பத்து நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று இந்தக் கணக்கிலேயே தெரிகிறதல்லவா? இதே துண்டுகளை ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒவ்வொன்றும் 0.1 மில்லிசெகண்டில் கொடுத்தால் மொத்தம் ஐந்து நொடி. அதில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை.

காலையில் மெஷினைத் திறந்ததும் எதையும் தொடாமல் மணிக்கட்டு வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேளுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஹார்ட் டிஸ்க் அதற்கு அடியில்தான் இருக்கும். கரகரவென்று விடாமல் மெல்லிய சத்தம் கேட்கும். அது தலை அங்குமிங்கும் ஓடும் சத்தம். அந்தச் சத்தம் நிற்கும் நேரமும் உங்கள் மவுஸ் இலகுவாகும் நேரமும் ஒன்றாக இருந்தால் நான் சொன்னது சரி. கூடவே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கத்தைப் பாருங்கள். பயன்பாடு 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகமோ நொடிக்கு ஓரிரு எம்பிதான், ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த நேரத்தில் விண்டோஸும் சும்மா இருப்பதில்லை. பின்னிரவில் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைகள், நீங்கள் மெஷினை உறங்க வைத்ததால் தவறிப்போயிருக்கும். எழுந்ததும் சற்று ஓய்வு கிடைத்தால் அவற்றைத் தொடங்கும். அப்டேட் இருக்கிறதா என்று தேடும், டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும், ஒன்டிரைவ் ஒத்திசைக்கும், வைஃபை வந்ததும் இருபது குரோம் டேபும் ஒன்றாக விழிக்கும். எல்லாரும் வந்து நிற்பது அந்த ஒரே டிஸ்க்கின் வாசலில்.

எனவே முதல் கோளாறுக்கு உண்மையான தீர்வு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது. இதைத் தயங்காமல் சொல்கிறேன். உங்கள் டிஸ்க் இரண்டரை அங்குல சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் ஒரு முறை) வகை என்றால் அதே இடத்தில் அதே அளவு சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். போர்டில் எம்.2 என்ற, சிறிய அட்டை வடிவ எஸ்எஸ்டி சொருகும் இடம் இருந்தால் இன்னும் வசதி: விண்டோஸை அங்கே வைத்து, பழைய டிஸ்க்கை ஃபைல்களுக்கு விட்டுவிடலாம். ஆனால் எம்.2 இடங்களில் சில சாட்டாவை மட்டும் ஏற்கும், சில அதைவிட வேகமான என்விஎம்இ வகையையும் ஏற்கும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கொள்ளளவுக்கு, கணக்கு வேலைக்கு 500 ஜிபி தாராளம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், உங்கள் ப்ராசசர் ஏற்கும் என்றால் இந்த மாற்றத்தோடு விண்டோஸ் 11-க்கும் போய்விடலாம்.

மாற்றுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஹைபர்னேட்டில் இருக்கும் மெஷினைத் திறந்து ரேமையோ டிஸ்க்கையோ கழற்றக் கூடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது சாதாரண ஷட் டவுனும் இதில் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸ் பழைய நினைவைத் திரும்ப எடுக்கும்போது, கீழே இருக்கும் பொருள் மாறியிருந்தால் ஃபைல்கள் பாழாக இடமுண்டு. முழு ஷட் டவுன் கொடுத்த பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். டேலி டேட்டாவை அதற்கு முந்தைய நாளே ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

அதோடு, இப்போதிருக்கும் டிஸ்க் நலமாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். அதில் ரீஅலொகேட்டட் செக்டார்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டார்ஸ் என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால், அதிலும் நாளுக்கு நாள் அது ஏறினால், அந்த டிஸ்க் தேய்கிறது என்று பொருள். படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று நொடிக்கணக்கில் நின்றுவிடும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 எண்ணுள்ள பதிவுகள் வந்தாலும் இதே சந்தேகம்தான். அப்படியென்றால் வேகம் பற்றிய பேச்சை விட்டுவிட்டு அன்றைக்கே டேட்டாவை வெளியே எடுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும் வரை என்ன செய்வது? இரவில் ஹைபர்னேட் செய்யும் முன் குரோமை மட்டுமாவது மூடுங்கள். மறுநாள் திறந்ததும் போன முறை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்படி அதன் செட்டிங்கில் வைத்தால் டேப் ஒன்றும் தொலையாது. டேலியையும் எக்செலையும் விட்டுவைக்கலாம். இந்த ஒன்றிலேயே பத்து நிமிடம் நாலைந்தாகக் குறைவதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். காலையில் பட்டனை அழுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் அதையும் இதையும் சொடுக்கிக்கொண்டே இருந்தால் வரிசை இன்னும் நீளும்.

ரேம் பற்றி ஒரு வார்த்தை. மதியம், எல்லாம் தெளிந்து நன்றாக ஓடும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் மெமரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எப்போதும் 85, 90-ஐத் தாண்டியே இருந்தால் ரேம் கூட்டுவது நியாயம். 60, 70-ல் நின்றால் இன்னொரு 8 ஜிபி போட்டாலும் காலைப் பத்து நிமிடம் மாறாது. பழைய டிஸ்க்கோடு ரேமை மட்டும் கூட்டினால் ஹைபர்னேட் கோப்பும் பெரிதாகும், அவ்வளவுதான்.

இனி இரண்டாவது கோளாறு, நாள் முழுக்க விடாத மந்தம். இதில் எஸ்எஸ்டி உதவாது. எஸ்எஸ்டி போட்ட மெஷின்களிலும் இது வரும், அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

ஹைபர்னேட்டில் நடப்பதை இப்படி யோசித்துப் பாருங்கள். இரவில் மின்சாரம் முழுதாக நின்றதால் காலையில் ஹார்டுவேர் புதிதாகப் பிறக்கிறது. ப்ராசசர், வைஃபை சிப், கிராபிக்ஸ், சார்ஜரைக் கவனிக்கும் சிறிய கன்ட்ரோலர் எல்லாமே முதலிலிருந்து தொடங்குகின்றன. விண்டோஸோ நேற்று இரவின் நினைவோடு எழுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் டிரைவர்கள். நேற்று நான் விட்ட நிலையில் நீ இல்லையே என்று ஒவ்வொரு டிரைவரும் தன் பொருளைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பத்தில் ஒன்பது சரியாகச் செய்யும். ஒன்று தடுமாறினால் அன்றைய நாள் போயிற்று. அந்தத் தடுமாறிய டிரைவர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வழியாக ஷட் டவுனையும் தாண்டி வந்துவிடுகிறது. ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் அது புதிதாக ஏறுகிறது. உங்கள் லேப்டாப்பில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

மந்தமான நாளில் ரீஸ்டார்ட் செய்யும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் அதே சிபியு பக்கத்தில் ஸ்பீட் என்று ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். எக்செலில் ஒரு பெரிய ஷீட்டைத் திறந்து ப்ராசசருக்கு வேலை கொடுத்துவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள். ஆரோக்கியமான மெஷினில் அது 2, 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏறி இறங்கும். 0.39 அல்லது 0.79 என்று ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றால், ப்ராசசருக்கு யாரோ கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கல்லூரி மாணவி ஒருவரின் லேப்டாப். எஸ்எஸ்டி இருந்தது, 16 ஜிபி ரேம் இருந்தது. ஒரு கடையில் இரண்டு முறை விண்டோஸ் மாற்றியிருந்தார்கள். ஸ்டார்ட் மெனு திறக்கவே நாலு நொடி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 0.39, அசையவே இல்லை. சார்ஜரைக் கழற்றினேன். மூன்று, நான்கு நொடி கழித்து எண் 1.2 ஆகி, 2.8-க்குப் போய் நின்றது. விசிறி சுற்றத் தொடங்கியது, விரலில் காற்று பட்டது. திரும்பச் சொருகினால் மறுபடி 0.39. சார்ஜர் முனையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். உருண்டை முனையின் நடுவே ஊசிபோல ஒரு மெல்லிய கம்பி இருக்கும், அது ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அந்தக் கம்பி மின்சாரம் கொண்டுவருவதற்கு இல்லை. தான் எத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கு. தகவல் வராததால் மெஷின் பயந்துபோய், மின்சாரத்தை அதிகம் இழுக்காதே என்று ப்ராசசரை அடியில் பிடித்து வைத்திருந்தது. அவரது லேப்டாப்பில் கெட்டுப்போயிருந்தது அந்தச் சார்ஜர் முனை மட்டும்தான். இரண்டு முறை ஃபார்மட்டில் அவர் தொலைத்த புராஜெக்ட் ஃபைல்களை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

உங்களுக்கும் எண் கீழே மாட்டியிருந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் ஏறினால் சார்ஜர், அதன் முனை, அல்லது லேப்டாப்பில் அது சொருகும் ஜாக். சில மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) போனால் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும். அங்கே அடையாளம் தெரியவில்லை என்று வந்தால் உறுதி. ஆனால் உங்கள் விஷயத்தில் ரீஸ்டார்ட் செய்தால் தவறாமல் சரியாகிறது என்பதால் சார்ஜரைவிட டிரைவர், பயாஸ் பக்கம்தான் என் சந்தேகம் அதிகம். சார்ஜர் கோளாறு என்றால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அடிக்கடி திரும்ப வந்திருக்கும்.

இதற்குச் சாட்சி ஈவென்ட் வியூவரில் கிடைக்கும். சிஸ்டம் பகுதியில் பவர் ட்ரபிள்ஷூட்டர் என்ற பெயரில் எண் 1 பதிவு இருக்கும். எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது என்று அதில் எழுதியிருக்கும். அந்த நேரத்தை ஒட்டி கெர்னல் ப்ராசசர் பவர் என்ற பெயரில் எண் 37 வந்திருக்கிறதா பாருங்கள். ப்ராசசரின் வேகத்தை ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் போலப் போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள், கட்டுப்படுத்துகிறது என்று அது சொல்லும். நல்ல நாட்களில் அது இல்லாமல், மந்தமான நாட்களில் மட்டும் இருந்தால் வழி தெளிவு.

அப்புறம் செய்ய வேண்டியது: உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், அதே மாடலுக்கு உள்ள பயாஸ், சிப்செட் டிரைவர், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கவனிக்கும் டிரைவர் மூன்றையும் புதுப்பியுங்கள். இன்டெல் மெஷின்களில் மூன்றாவதன் பெயர் டைனமிக் டியூனிங் அல்லது டைனமிக் பிளாட்ஃபார்ம் அண்ட் தெர்மல் ஃபிரேம்வொர்க் என்றிருக்கும். பயாஸ் புதுப்பிக்கும்போது சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் போர்டே எழாமல் போகலாம், அதனால் அவசரத்தில் செய்யாதீர்கள். பிறகு முழு ஷட் டவுன் கொடுத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து விடுங்கள். அந்தச் சிறிய கன்ட்ரோலரில் தங்கியிருக்கும் மிச்ச நினைவு இதில் போய்விடும். பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் மேக்ஸிமம் ஸ்டேட் 100 சதவீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது சூட்டைக் குறைக்க 50-ல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இணையத்தில் தேடினால் த்ராட்டில்ஸ்டாப் என்ற கருவியில் பிடி ப்ராக்ஹாட் என்ற டிக்கை எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் வேகம் உடனே திரும்பும், உண்மைதான். ஆனால் போர்டின் மற்றப் பகுதிகள் சூடேறினால் ப்ராசசரை அடக்கச் சொல்லும் கம்பி அது. எதனால் இழுத்துப் பிடிக்கிறது என்று தெரியாமல் அதை வெட்டுவதை நான் செய்ய மாட்டேன். சோதனைக்காக ஐந்து நிமிடம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது வேறு விஷயம்.

எண்ணும் நன்றாக இருக்கிறது, டிஸ்க்கும் அமைதியாக இருக்கிறது, ஆனாலும் மந்தம் என்றால்? டாஸ்க் மேனேஜரில் புரோகிராம் பட்டியலில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். வழக்கமாக அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. 10, 20 என்று நிலையாக நின்றால் ஏதோ ஒரு பொருள் ப்ராசசரைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. யுஎஸ்பியில் சொருகியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் வைஃபை, புளூடூத், கார்டு ரீடர், சவுண்ட் என்று ஒவ்வொன்றாக டிசேபிள் செய்து, சில நொடி கழித்து எனேபிள் செய்யுங்கள். ரீஸ்டார்ட் இல்லாமலே எந்த ஒன்றைத் தொட்டதும் மெஷின் தெளிகிறதோ, அதன் டிரைவரைத்தான் மாற்ற வேண்டும். வேலை எல்லாம் நன்றாக நடந்து, ஜன்னலை நகர்த்தும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் மட்டும் திரை தத்தித் தத்தி வந்தால் அது கிராபிக்ஸ். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து மீண்டு வரும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

எழுந்ததும் மந்தமாவது புதிதும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், டிஸ்க்கோடு பேசுவதில் ஆறு முறை பிழை சேர்ந்தால் விண்டோஸ் தானாகவே அதைப் பழைய, மிக மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். தூங்கி எழும்போது அந்தப் பிழைகள் சேரும். ஒருமுறை இறங்கினால் யாராவது வந்து ஏற்றிவிடும் வரை அப்படியே கிடக்கும். பேர்கள் மாறியிருக்கின்றன, புதிதாக எழுந்த ஹார்டுவேருக்கும் பழைய நினைவுக்கும் உள்ள பிணக்கு அதேதான்.

ரேமைச் சுத்தம் செய்கிறேன், ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கிறேன், டிரைவர்களைத் தானாகப் புதுப்பிக்கிறேன் என்று வரும் மென்பொருள்கள் எதையும் போடாதீர்கள். ரேமைச் சுத்தம் செய்வது என்றால், காலையில் பத்து நிமிடம் செலவழித்து விண்டோஸ் பொறுக்கி வைத்ததை மறுபடி கீழே கொட்டுவது. பேஜிங் கோப்பை அணைக்கச் சொல்வோர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

ஹைபர்னேட்டையே விட்டுவிட வேண்டுமா என்றால், உங்கள் வேலைக்கு வேண்டியதில்லை. ஸ்லீப்பில் வைத்தால் ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இரவில் பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்லீப், இரவுக்கு ஹைபர்னேட், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரீஸ்டார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு ஹைபர்னேட் கோப்பை ஒருமுறை அழித்துப் புதிதாக உருவாக்குவது நல்லது. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். போனில் சொல்வதுபோலவே சொல்கிறேன், ஆங்கிலத்தில் அடியுங்கள்: பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி என்ற எட்டு எழுத்தையும் சேர்த்து, ஓர் இடம் விட்டு, முன்சாய்கோடு, அதை ஒட்டி எச், மறுபடி ஓர் இடம் விட்டு ஆஃப். என்டர் தட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வந்ததும் அதே வரியைக் கடைசியில் ஆஃபுக்குப் பதில் ஆன் என்று அடியுங்கள். இதற்குப் பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், குரோமை மூடிவிட்டு ஹைபர்னேட் செய்யுங்கள். அடுத்த மந்தமான நாளில் ரீஸ்டார்ட்டுக்கு அவசரப்படாமல் மூன்று எண்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள்: ஸ்பீட் எவ்வளவு, டிஸ்க் எத்தனை சதவீதம், சிஸ்டம் இன்டரப்ட்ஸ் எத்தனை. கூடவே லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரையும் எழுதினால், எந்த டிரைவரை எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.